தார் முற்றத்தின் நீர்க்கணக்கு

ஒரு நிலம் வறண்டதா என்பதை அறிவியலார் இரண்டு அளவுகளைக் கொண்டு முடிவு செய்கின்றனர். ஓர் ஆண்டில் அங்கே பெய்யும் மழை முதலாவது அளவு. மண்ணில் ஈரம் குறையாமல் இருக்குமானால், மண்ணிலிருந்து ஆவியாகியும் பயிரின் இலைகள் வழியே வெளியேறியும் அதே ஆண்டில் காற்றோடு கலந்துவிடக்கூடிய நீர் இரண்டாவது அளவு. இந்த இரண்டாவதை ஆவியிழப்பு என்று சுருக்கமாகக் குறிக்கலாம். மழையின் அளவை ஆவியிழப்பின் அளவால் வகுத்து வரும் எண் 0.2-க்குக் கீழே இருந்தால் அது வறண்ட நிலம் என்றும், 0.2-க்கும் 0.5-க்கும் இடையே இருந்தால் பகுதி வறண்ட நிலம் என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் வகைப்படுத்தியுள்ளது. மேற்கு ராஜஸ்தானின் ஜோத்பூர் ஆண்டுக்குச் சுமார் 360 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. அங்கே ஆவியிழப்பு 1,800 மில்லிமீட்டரை ஒட்டியிருப்பதால் அந்நகரம் வறண்ட நிலத்தின் மேல் விளிம்பில் நிற்கிறது. இன்னும் மேற்கே, ஜெய்சல்மேர் பக்கம் போகப்போக மழை 200 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்குகிறது. பெய்வதில் பெரும்பகுதியும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான சில நாட்களில் பெய்து முடிந்துவிடுகிறது. ஜோத்பூருக்கு வடக்கே உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று வெப்பம் 51 பாகை செல்சியஸைத் தொட்டது.

உலகின் பாலைநிலங்களுள் மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றில் ஒன்றான இந்தத் தார் பாலைவனத்தில், வயல் என்பது பெரும்பாலும் மானாவாரியாகக் கம்பும் கொத்தவரையும் பயறும் விதைக்கும் இடம். 1958-இல் பணி தொடங்கப்பட்டு, பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து நீர் கொண்டுவரும் இந்திரா காந்தி கால்வாய் எட்டிய பகுதிகளில் பாசன வேளாண்மை பெரிதும் பரவியது. கால்வாய் எட்டாத ஊர்களில் தானியத்தை நியாயவிலைக் கடை ஓரளவு ஈடுசெய்கிறது, பாலை ஆடும் மாடும் தருகின்றன. எப்போதும் பற்றாக்குறையாக இருப்பவை காய், கீரை, பழம் ஆகியவைதாம். 1996-இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு, எல்லா மக்களும் எல்லாக் காலத்திலும் போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவைப் பெறக்கூடிய நிலையையே உணவுப் பாதுகாப்பு என்று வரையறுத்தது. சத்துள்ள என்ற அந்த ஒரு நிபந்தனையைக் கொண்டு அளந்தால் தானிய மூட்டை நிறைந்த வீட்டையும் உணவுப் பாதுகாப்புள்ள வீடு என்று சொல்லிவிட முடியாது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, ராஜஸ்தானில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பத்தில் ஏழு பேருக்கும், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும் இரத்தசோகை இருக்கிறது. இந்த இடைவெளியைச் சந்தை அடைக்கும் என்று காத்திருப்பது கடினம். தொலைவில் உள்ள மண்டிகளிலிருந்து மணற்பாதை வழியே வந்து சேரும் கீரை, விலையாலும் வாட்டத்தாலும் ஏழைக் குடும்பத்தின் தட்டை அடைவதே இல்லை. ஆகவேதான் முற்றத்துத் தோட்டம் பற்றிய பேச்சு இங்கே பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாகாமல் உடல்நலத்தைப் பற்றிய பேச்சாகிறது.

ஆனால் வறண்ட நிலத்தில் வீட்டுத்தோட்டத்தின் அளவை இடம் தீர்மானிப்பதில்லை. தார் கிராமத்து வீடுகளின் முற்றங்கள் விசாலமானவை; நீர்தான் எல்லையை இடுகிறது, அந்த எல்லையை எண்ணிப் பார்ப்பது எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். ஜனவரியில் மேற்கு ராஜஸ்தானின் ஆவியிழப்பு நாளொன்றுக்குச் சுமார் 3 மில்லிமீட்டராகவும், அனல்காற்று வீசும் மே, ஜூன் மாதங்களில் 9 மில்லிமீட்டராகவும் அதற்கு மேலும் இருக்கும். எனவே 20 சதுர மீட்டர் பாத்தி முழுவதும் பயிர் மூடியிருந்தால், குளிர்காலத்தில் அது நாளுக்கு 60 லிட்டரும் கோடையில் 180 லிட்டரும் கேட்கும். இந்தக் கணக்கின் அடிப்படை முறையை ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட பயிர் நீர்த்தேவை வழிகாட்டி வகுத்துத் தந்தது. வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், வெயில் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு நாளின் ஆவியிழப்பைக் கணிக்கும் அந்தச் சூத்திரமே இன்றைய பாசனச் செயலிகள் பலவற்றின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. பயிருக்குப் பயிர் சிறு மாற்றங்கள் உண்டென்றாலும், ஒரே தோட்டம் ஜூன் மாதத்தில் ஜனவரியைப் போல மூன்று மடங்கு நீர் குடிக்கிறது என்ற அடிப்படை மாறுவதில்லை.

இந்த எண்ணை வீட்டின் நீர்ச் சேமிப்போடு ஒப்பிட்டால்தான் அதன் கனம் விளங்கும். தார் மக்கள் பல தலைமுறைகளாக டாங்கா என்னும் நிலத்தடித் தொட்டியை வீட்டருகே அமைத்து வருகின்றனர். அதைச் சுற்றிலும் மண்ணை இறுக்கிச் சரிவாகச் சமன்செய்த தளத்துக்கு ஆகோர் என்று பெயர், அத்தளத்தில் விழும் மழை வழிந்து தொட்டிக்குள் இறங்குகிறது. இந்த மரபின் நுட்பத்தையும் அதன் பின்னுள்ள ஊர் ஒழுங்கையும் அனுபம் மிஸ்ரா இந்தியில் எழுதிய நூல்கள் நாடறியச் செய்தன. 1959-இல் ஜோத்பூரில் இன்றைய வடிவம் பெற்ற மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிறுவனம், இந்த மரபை ஆராய்ந்து மேம்படுத்திய வடிவத்தில், ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் குடிநீருக்கென 21,000 லிட்டர் கொள்ளளவுள்ள டாங்காவைப் பரிந்துரைத்தது. அதனை 365 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 57 லிட்டர், ஆளுக்கு 10 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே அது போதும். கோடையில் 20 சதுர மீட்டர் தோட்டம் ஒரு நாளில் குடிக்கும் நீர், அந்தக் குடும்பம் மூன்று நாள் குடிக்கும் நீர் என்ற உண்மையை இந்த வகுத்தல் காட்டிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் திட்டங்கள் ஆண்டு முழுவதும் காய்க்கும் தோட்டத்தை வாக்களித்து, விதைப் பொட்டலங்களைப் பங்கிட்டுவிட்டுப் போகும்போது இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை. ஏப்ரல் மாதத்தில் அத்தோட்டங்கள் காய்வதற்குப் பெண்களின் அக்கறையின்மை காரணமாகச் சொல்லப்படுவது பெரும் அநீதி.

அப்படியென்றால் நீருக்கு வழி என்ன? குடிநீரைத் தொடாமல் கிடைக்கக்கூடியது, ஒருமுறை பயன்படுத்திய நீர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவை இலக்காக வைத்துள்ளது; அது உண்மையில் வந்து சேரும் வீட்டில் ஆறு பேருக்கு 330 லிட்டர். குளித்ததும் பாத்திரம் கழுவியதுமாக அதில் கால் பங்கையாவது ஒரு குழியில் திருப்ப முடிந்தால் 80 லிட்டருக்கு மேல் தேறும். குளிர்காலத் தோட்டத்தின் 60 லிட்டருக்கு அது போதும், கோடைத் தோட்டத்துக்குப் போதாது. ஆகவே அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கீரை, வெந்தயம், முள்ளங்கி, கேரட், வெங்காயம். மழை மாதங்களில் சுரை, கொத்தவரை, தட்டைப்பயறு, காச்ரி என்னும் சிறு வெள்ளரி வகை. கோடையில் பாத்திகளைக் காயவிட்டு மரங்களை மட்டும் காப்பது என்னும் ஒழுங்கு நீரின் கணக்கிலிருந்து தானே பிறக்கிறது. சோப்பு கலந்த நீரில் சோடியமும் அழுக்கும் சேர்ந்திருக்கும் என்பதால் அதைப் பச்சையாக உண்ணும் கீரைக்கு விடாமல், மணலும் சரளையும் நிரப்பிய குழி வழியே வடியவிட்டு மர அடிகளுக்கும் பந்தல் கொடிகளுக்கும் கொடுப்பதே பாதுகாப்பானது.

நீரை எங்கிருந்து பெறுவது என்பதைப் போலவே எப்படி விடுவது என்பதும் முக்கியம். பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, அதில் நீர் நிரப்பி மூடி வைத்தால், பானையின் நுண்துளைகள் வழியே ஈரம் மெல்லக் கசிந்து சுற்றிலும் உள்ள வேர்களை மட்டும் நனைக்கும். மண் காயக் காயக் கசிவு கூடும், மண் நனைந்திருந்தால் கசிவு தானே குறையும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூலொன்றில் குறிக்கப்பட்ட இம்முறையை, ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலார் 1970-களில் மீண்டும் ஆராய்ந்து, மேற்பரப்பில் பாய்ச்சினால் பயிரைக் கெடுக்கக்கூடிய உப்புநீரைக் கூடப் பானை வழியே விட்டால் காய்கறிகள் தாங்குவதைக் கண்டனர். மண் ஒருபோதும் முழுதாகக் காயாமல் இருப்பதால் உப்பு வேரருகே செறிவதில்லை, ஈரத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது என்பது அதற்கான காரணம். மின்சாரமும் குழாயும் வேண்டாத இந்தக் கசிவு முறையை மிஞ்சிய எளிய தொழில்நுட்பம் வறண்ட முற்றத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்லலாம்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் தாரின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. மேலும், தோட்டத்துக்கு உதவும் என்று பேசப்படும் டிஜிட்டல் கருவிகளுள் ஒன்று ஐயத்துக்கிடமின்றிப் பயன்படும் இடமும் இதுதான். நீரில் உப்பு கூடக் கூட அது மின்சாரத்தை எளிதில் கடத்தும். அந்த மின்கடத்துதிறனை டெசிசீமன்ஸ் என்ற அலகில் காட்டும், பேனா அளவுள்ள கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. வேர்மண்டலத்தில் இந்த அளவு மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டும்போதே பீன்ஸும் கேரட்டும் விளைச்சல் குறையத் தொடங்கும்; பாலக் கீரை 2 வரையிலும், தக்காளி 2.5 வரையிலும், பீட்ரூட் 4 வரையிலும் தாங்கும். ஓர் ஊரில் உள்ள பத்துக் கிணறுகளின் நீரை ஒருநாள் மாலையில் அளந்து எழுதிவைத்தால், எந்தக் கிணற்று நீருக்கு எந்தக் காய் என்ற பட்டியலை அந்த ஊரே தயாரித்துக்கொள்ள முடியும். இணையமோ செயலியோ இதற்குத் தேவையில்லை. ஊருக்கு ஒரு கருவி, அதை வைத்திருக்க ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, பார்த்து எழுத ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். பெரும் பொருட்செலவில் வடிவமைக்கப்படும் தகவல் தளங்களைவிட இந்தச் சிறு பேனா குடும்பத்தின் உழைப்பை வீணாகாமல் காக்கும் என்பதில் ஐயமில்லை.

எதை வளர்ப்பது என்ற கேள்விக்குத் தார் தானே பழைய விடைகளை வைத்திருக்கிறது. கேஜ்ரி என்று அங்கே அழைக்கப்படும் மரம் தமிழர் வன்னி என்று அறிந்தது. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக வணங்கப்படும் அதே மரம் ராஜஸ்தானில் மாநில மரமாகவும் உணவு மரமாகவும் இருக்கிறது. அதன் இளங்காய்களான சாங்க்ரியைக் கோடைத் தொடக்கத்தில் பறித்து, அவித்து வெயிலில் உலர்த்தி ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்கின்றனர். அதன் இலை ஆட்டுக்குத் தீவனம். முட்புதரான கேரின் காயும், நறுவிலிப் பழ இனமான கூந்தாவும், கும்மட் விதையும் சாங்க்ரியோடு சேர்ந்து பஞ்ச்கூட்டா என்னும் உலர்காய்க் கூட்டில் இடம்பெறுகின்றன. காய்கறி கிடைக்காத மாதங்களுக்கென்றே வெயிலின் துணையால் உருவான இந்தச் சேமிப்பு முறையில் உணவுப் பாதுகாப்பின் நிலைத்தன்மை என்னும் கூறு, அதாவது கிடைக்கும் காலத்திலிருந்து கிடைக்காத காலத்துக்கு உணவைக் கடத்தும் திறன், முழுமையாக அடங்கியிருக்கிறது. பிகானேரில் உள்ள மத்திய வறண்டநிலத் தோட்டக்கலை நிறுவனம் இந்த மரபுக் காய்களை ஏளனமாக ஒதுக்காமல், மொட்டுக்கட்டு முறையில் பெருக்கப்படும் தார் ஷோபா என்ற கேஜ்ரி வகையையும், தார் சம்ரித்தி என்ற சுரை வகையையும், காச்ரியில் ஏஎச்கே–119 போன்ற தேர்வுகளையும் வெளியிட்டுள்ளது. வீட்டுக்கு ஒரு கேஜ்ரி, ஒரு கூந்தா, ஓர் இலந்தை, ஓர் எலுமிச்சை என்று நான்கு மரங்கள் நின்றால், கோடையில் பாத்திகள் காய்ந்து கிடக்கும்போதும் முற்றம் முற்றிலும் வெறுமையாவதில்லை. தாவர உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணைசெய்வதால், அந்த எலுமிச்சைக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் கவனம் தகும்.

இனி வானிலைத் தகவல். இந்திய வானிலை ஆய்வுத்துறை, இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஆகிய மூன்றும் இணைந்து 2019-இல் வெளியிட்ட மேக்தூத் செயலி, வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், மாவட்ட அளவில் வானிலை முன்கணிப்போடு வேளாண் அறிவுரையையும் வழங்குகிறது. ஆனால் ஜெய்சல்மேர் என்ற ஒரே மாவட்டம் 38,401 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. கேரள மாநிலத்துக்கு ஏறத்தாழ நிகர். ஓர் ஊரில் கொட்டிய மழை அடுத்த ஊரை நனைக்காமல் போவது இயல்பாக உள்ள நிலத்தில், மாவட்ட முன்கணிப்பு முற்றத்துக்குத் தரும் உதவி குறைவு. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான முன்கணிப்பை மத்திய அரசு தொடங்கியது இந்தக் குறையை நோக்கி எடுத்த நல்ல அடி. மழை வரும் என்ற செய்தியைவிடக் காற்றும் வெப்பமும் நாளை எப்படி இருக்கும் என்ற செய்தியே தோட்டத்துக்குப் பெரிதும் பயன்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அனல்காற்று எழும் நாளுக்கு முந்தைய மாலையில் மூடாக்கைச் சரிசெய்து, பந்தலில் பழைய சேலையைக் கட்டினால் மறுநாளின் நீர்த்தேவையே குறைந்துவிடும். அறிவுரைகளோ பெரும்பாலும் கம்பு, கடுகு, சீரகம் போன்ற வயற்பயிர்களை முன்னிட்டே எழுதப்படுகின்றன. ‘இன்று இருபது சதுர மீட்டருக்கு இத்தனை குடம்’ என்று ஒரே ஒரு வரி அவற்றில் சேர்வது கணிப்பொறிக்குக் கடினமான வேலையே இல்லை, தேவையான எண்கள் அனைத்தும் முன்கணிப்பில் ஏற்கெனவே இருக்கின்றன.

நோயுற்ற இலையைப் படமெடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் அடுத்த வகை. ஜெர்மனியில் தொடங்கி இந்தியாவில் பரவிய பிளான்டிக்ஸ் இவற்றில் பலரறிந்தது. ஆயிரக்கணக்கான இலைப் படங்களையும் ஒவ்வொன்றுக்கும் வல்லுநர் இட்ட பெயரையும் கணிப்பொறிக்குக் காட்டி, புதிய படத்தில் பழைய சாயலைக் கண்டுபிடிக்கப் பழக்குவதே இவற்றின் அடிப்படை. எனவே எந்தப் பயிருக்குப் படங்கள் மிகுதியோ அதில் விடை செம்மையாகவும், படங்கள் குறைந்த பயிரில் தடுமாற்றமாகவும் அமையும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கிடைக்கும் துல்லியத்தைக் காச்ரிக்கும் கூந்தாவுக்கும் எதிர்பார்க்க இயலாது. அதைவிடக் கவலைக்குரியது, உப்பால் இலையோரம் கருகுவதும் சில சத்துக் குறைகளால் கருகுவதும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவது. நீரில் உள்ள உப்பு படத்தில் தெரியாது. செயலியின் சொற்படி உரமோ மருந்தோ வாங்கியவரின் பணம் மண்ணில் உப்பாகவே மேலும் சேரும். படம் எடுப்பதற்கு முன் நீரை அளப்பது என்ற வரிசை இங்கே இன்றியமையாதது. ஆனால் பெருங்கேடு வரும்போது படமும் தொலைவுச் செய்தியும் மதிப்பு மிக்கவை என்பதற்கு 2019–20-இல் ஜெய்சல்மேரையும் பார்மரையும் தாக்கிய பாலைவன வெட்டுக்கிளிகள் சான்று. அக்காலத்தில் பல நாடுகளின் கண்காணிப்புப் பணியாளர், கூட்டம் இறங்கிய இடத்தை ஈலோகஸ்ட் என்ற உணவு வேளாண் அமைப்பின் கருவி வழியே உடனுக்குடன் பதிந்தனர். அந்தக் கூட்டம் எத்திசை நகரும் என்ற முன்னறிவிப்பு அப்பதிவுகளிலிருந்தே உருவானது.

டிஜிட்டல் கருவி எளிய மனிதருக்கு எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஆஸ்திரேலிய மண்ணியல் அறிஞர் ரிச்சர்ட் ஸ்டிர்சேக்கரும் அவர் குழுவினரும் உருவாக்கிய கமீலியன் என்ற உணரி, மண்ணில் வெவ்வேறு ஆழங்களில் புதைக்கப்பட்டு, ஈரத்தை எண்ணாகக் காட்டாமல் நிறமாகக் காட்டுகிறது: நீலம் என்றால் ஈரம் மிகுதி, பச்சை என்றால் போதுமான ஈரம், சிவப்பு என்றால் வறட்சி. மொசாம்பிக், தான்சானியா, சிம்பாப்வே நாடுகளின் சிறு பாசனத் திட்டங்களில் இதைப் பயன்படுத்திய குடியானவர்கள், தாங்கள் தேவைக்கு மேல் நீர் விட்டு வந்ததையும், அந்த மிகைநீர் உரச்சத்தை வேருக்குக் கீழே அடித்துச் சென்றதையும் கண்டு, பாய்ச்சும் இடைவெளியைத் தாங்களே நீட்டினர். ‘விடு’ என்றோ ‘விடாதே’ என்றோ கருவி கட்டளையிடவில்லை. மண்ணுக்குள் நடப்பதைக் காட்டிவிட்டு முடிவைக் குடியானவரிடமே விட்டது. அதனால் சில பருவங்களுக்குப் பின் கருவி இல்லாமலேயே மண்ணைப் படிக்கும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட வாய்ப்பிருக்கிறது.

வடிவத்தை எளிமையாக்குவதன் வலிமைக்கு அல்ஜீரியாவின் திந்தூஃப் நகரருகே 1975 முதல் முகாம்களில் வாழும் சஹ்ராவி ஏதிலியரின் அனுபவமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அங்கே உள்ள வேளாண் பொறியாளர் தாலேப் பிராஹிம், மண்ணே இல்லாமல் தட்டுகளில் வாற்கோதுமை விதையை முளைக்கவைத்து ஏழு நாட்களில் பசுந்தீவனம் எடுக்கும் முறையை உலக உணவுத் திட்டத்தின் துணையோடு செம்மைப்படுத்தினார். தொடக்கத்தில் விலையுயர்ந்த கொள்கலன் கூடங்களாக இருந்த அமைப்பு, உள்ளூரிலேயே கிடைக்கும் மண்கட்டியாலும் பிளாஸ்டிக் தட்டுகளாலும் கட்டத்தக்கதாக மாறிய பின்னரே குடும்பங்களின் கைக்கு எட்டியது. குப்பையைத் தின்று வாழ்ந்த ஆடுகள் பசுந்தீவனம் தின்று கூடுதலாகப் பால் தந்தன. பால் குழந்தைகளின் உணவாயிற்று. ஆட்டை நம்பி வாழும் தார் குடும்பங்களுக்கும் இது பொருந்தும் வழிதான், ஆயினும் நாள்தோறும் சில லிட்டர் நல்ல நீரும் பூஞ்சணம் வராமல் காக்கும் தூய்மையும் வேண்டும் என்பதை மறைத்து அதைப் பரிந்துரைப்பது சரியாகாது.

தோட்டம் இருந்தால் மட்டும் இரத்தசோகை குறைந்துவிடுமா என்ற கேள்வியும் நேர்மையாகக் கேட்கப்பட வேண்டியதே. சாஹேல் பகுதியைச் சேர்ந்த புர்கினா ஃபாசோவின் கூர்மா மாகாணத்தில் ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் அமைப்பு 2010 முதல் 2012 வரை பெண்களுக்கு வீட்டுத்தோட்டமும் கோழி வளர்ப்பும் கற்பித்ததோடு, குழந்தைக்கு எதை எப்போது ஊட்டுவது, கை கழுவுவது ஆகியவை பற்றியும் தொடர்ந்து பேசியது. பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் அதன் விளைவை, திட்டம் இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டு அளந்தது. திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் மிக இளம் குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் குறைந்தன. எடை குறைந்த தாய்மார்களின் எண்ணிக்கையும் குறைந்தது. அந்த உரையாடலை ஊர்மூத்த பெண்களைக் காட்டிலும் ஊர்ச் சுகாதாரக் குழுவினர் நடத்திய ஊர்களிலேயே பலன் தெளிவாகத் தெரிந்தது. விதையையும் நீரையும் போலவே பேச்சும் ஓர் இடுபொருள் என்று கொண்டால், டிஜிட்டல் கருவிகள் உதவக்கூடிய மற்றொரு பெரிய வாசல் திறக்கிறது.

அந்த வாசலில் நிற்பவர் பெண். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் நாடு முழுவதிலும் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 33 விழுக்காடு மட்டுமே. தோட்டத்துக்கு நீர் சுமப்பவர் பெரும்பாலும் பெண்ணாகவும், திறன்பேசி பெரும்பாலும் ஆணின் சட்டைப்பையிலும் இருக்கும் வீட்டில், எழுத்தால் இயங்கும் செயலி எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் பாத்தியை எட்டாது, குரல் எட்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய ஊரக அறிவு மையங்களுள் ஒன்றான வீராம்பட்டினத்தில், இணையத்திலிருந்து எடுத்த அலை உயரச் செய்தி ஒலிபெருக்கி வழியே மீனவர் குடியிருப்பு முழுவதும் ஒலித்தது; ஒருவர்கூடக் கணிப்பொறியைத் தொடாமலே அனைவரும் பயன்பெற்றனர். 2006-இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் முளைத்த டிஜிட்டல் கிரீன், உள்ளூர்க் குடியானவரையே நடிக்கவைத்து எடுத்த காணொளியை ஊர்க்கூட்டத்தில் போட்டுக்காட்டி, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேச வைத்தது. 2004 முதல் இயங்கும் உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண்ணும் எந்தச் சாதாரணக் கைபேசியிலும் கிடைக்கிறது.

குரல் என்று வந்தபின் மொழி வருகிறது. தார் முற்றத்தின் மொழி மார்வாரி. ராஜஸ்தானி மொழியை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கக் கோரி மாநிலச் சட்டமன்றம் 2003-இல் தீர்மானம் நிறைவேற்றியும், அது இன்றுவரை அட்டவணையில் இடம்பெறவில்லை. அட்டவணை மொழிகளை முதன்மையாகக் கொண்டு அரசு வளர்த்துவரும் பேச்சுணர் தொழில்நுட்பத்தில் மார்வாரியின் பங்கு அதனால் சிறுத்தே இருக்கிறது. ஆகோர், கூந்தா, காச்ரி என்று ஒரு மூதாட்டி சொல்வதை இந்தி மட்டும் கேட்டுப் பழகிய பொறி வேறொன்றாகக் கேட்கும், வேறொன்றாகவே விடை சொல்லும். இதைச் சரிசெய்யத் தேவையானவை அனைத்தும் மேற்கு ராஜஸ்தானிலேயே இருக்கின்றன: ஜோத்பூரிலும் பிகானேரிலும் வேளாண் பல்கலைக்கழகங்கள், மாவட்டந்தோறும் வேளாண் அறிவியல் நிலையங்கள், ஆகாசவாணி வானொலி நிலையங்கள், ஊர்தோறும் சுயஉதவிக் குழுக்கள். ஒவ்வொரு வேளாண் அறிவியல் நிலையமும் தன் எல்லைக்குள் உள்ள பெண்களிடம் மாதம் ஒருமுறை அமர்ந்து, எந்தக் கிணற்று நீருக்கு எந்தக் காய் நின்றது, சாங்க்ரியை எந்தப் பக்குவத்தில் பறித்து எப்படி உலர்த்தினர், பானையை எத்தனை நாளுக்கொருமுறை நிரப்பினர் என்று அவர்கள் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினால், அந்தப் பதிவுகள் அடுத்த ஊருக்கு உடனே ஒலிபரப்பாகவும், பொறிக்கு மார்வாரி கற்பிக்கும் பாடமாகவும் ஒருசேரப் பயன்படும்.